ஏணிக்குத் தரவேண்டிய பன்னிரண்டு

ஏணிக்கு நான் பன்னிரண்டு கடன்பட்டிருந்தேன். நாற்பத்தாறு வருடக் கடன். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. சாட்சிக்கு மட்டும் குறைவில்லை, ஏனென்றால் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அவன் அதைச் சொல்லி வைத்திருந்தான்.

பன்னிரண்டாயிரம் என்று எண்ணிவிட வேண்டாம். வெறும் பன்னிரண்டு ரூபாய். இரண்டு கை விரல்களோடு பக்கத்தில் இருப்பவரிடம் இன்னும் இரண்டு விரல் வாங்கினால் எண்ணி முடித்துவிடலாம்.

நான் யார் என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய அவமானம் என்பது புரியும். பெயிண்டும் ஆணியும் குழாயும் விற்கும் கடைகள் எனக்கு மூன்று இருக்கின்றன. மூன்றும் முக்குக் கடைகள், இரண்டு தெருவிலிருந்தும் ஆள் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போயிற்று. அதற்கு மேல் படித்தவர்கள் பதினொரு பேர் இன்று என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். வங்கி மேனேஜர் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார், உட்காரச் சொல்வது நான்தான். ஆனால் இங்கே நான் எழுத வந்தது ஏணியைப் பற்றி. என்னைப் பற்றி எழுத இந்த ஒரு நோட்டு போதாது.

ஏணி என்ற பெயரை வைத்ததும் நான்தான். பத்தொன்பது வயதிலேயே அவன் ஸ்டூல் போடாமல் பல்பு மாற்றுவான். சினிமாக் கொட்டகையில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தவன் அதே படத்தை மறுநாள் மறுபடி பார்த்தாக வேண்டும். அச்சகத்தில் தாள் அடுக்கும் வேலை அவனுக்கு. நான் பெயிண்டுக் கடையில் டின் தூக்கினேன். இன்னொருவன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினான். நாலாமவன் தையற்கடையில் பொத்தான் தைத்தான். நாலு பேரும் ஒரு விடுதியின் ஆறாம் அறையில் குடியிருந்தோம். பத்தடி நீளம், எட்டடி அகலம். நாலு பாயும் விரித்துவிட்டால் கதவைச் சாத்த முடியாது, ஏணியின் கால் வராந்தாவில் கிடக்கும். அதைத் தடுக்கி விழாத ஆள் அந்த விடுதியில் இல்லை.

கீழே ஒரு கூடம் இருந்தது. ஒரு ரேடியோ, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு செய்தித்தாள். அந்தத் தாளைத் தாள் தாளாகப் பிரித்து இருபது பேர் படிப்போம். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கூடத்தில் ஒருவன் இல்லையென்றால், அவன் செத்துப்போயிருக்க வேண்டும் அல்லது காதலித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் நாலு பேரிடமும் வெளியே போட்டுக்கொண்டு போகிற மாதிரி சட்டை இல்லை. தனியாக வாங்க யாருக்கும் வக்கில்லை. ஆளுக்குப் பன்னிரண்டு போட்டு, நாற்பத்தெட்டுக்கு வெளிர்நீலத்தில் ஒரு முழுக்கைச் சட்டை எடுத்தோம். அந்தப் பணம் சேர மூன்று மாதம் ஆயிற்று. முறை வைத்துப் போட வேண்டும். போட்டவன் துவைத்து, இஸ்திரி போட்டு, ஆணியில் மாட்டி, மேலே துண்டு போர்த்திவிட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடக்கூடாது. மழையில் நனையக்கூடாது. பொத்தான் தைக்கிறவன் இருந்ததால் பொத்தானைப் பற்றி மட்டும் சட்டம் போடவில்லை.

இந்த நேரத்தில் ஏணி சாயங்காலக் கூடத்துக்கு வராமல் போனான். சாகவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவள். எட்டு மாதத்தில் இருவரும் பேசியது மொத்தம் ஒன்பது வார்த்தை. ஏணி எண்ணி வைத்திருந்தான். “பஸ் போயிடுச்சா?” என்று இவன் கேட்டது இரண்டு. “இன்னும் வரல” என்று அவள் சொன்னதோடு நாலு. அப்புறம் ஏழு மாதம் மழை பெய்தது, வெயில் அடித்தது, வேறொன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் அவளே, “எங்கப்பா ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பாரு” என்றாள். எட்டு. இவன் “சரி” என்றான். ஒன்பது.

அந்த ஞாயிறு சட்டை ஏணிக்கு. முந்தின நாள் சனி என் முறை. கடையில் கல்லாப் பக்கத்து வேலை ஒன்று காலியாயிருந்தது, அதைக் கேட்கப் போனேன். சட்டையைப் பார்த்ததும் முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்து, “இவ்வளவு நாள் டின்னு தூக்கின பயலா நீ?” என்று கேட்டு, வேலையைக் கொடுத்துவிட்டார். என் மூன்று கடைக்கும் அஸ்திவாரம் அந்தச் சட்டைதான். இரவே துவைத்துப் போட்டேன். ஞாயிறு காலை கூடத்தில் கரி இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துக்கொண்டே, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கல்லா வேலை கிடைத்த கதையைச் சொன்னேன். முதலாளி சொன்னதை முதலாளி குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அதற்குக் கையை வேறு ஆட்ட வேண்டியிருந்தது. பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டுக் கையை ஆட்டினேன்.

புகை வந்த பிறகுதான் பார்த்தேன். வயிற்றுக்கு நேரே, படகு மாதிரி ஒரு கருகல்.

ஏணி அதே சட்டையை மாட்டிக்கொண்டான். கை வேறு மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது. இடது கையை வயிற்றின் மேல் வைத்து மூடிக்கொண்டு கிளம்பினான்.

பெண்ணின் அப்பா அவனை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். இவன் கையை எடுக்கவே இல்லை. கடைசியில் அவர், “என்ன தம்பி, வயித்து வலியா?” என்று கேட்க, “ஆமாங்க” என்றிருக்கிறான். அவர் உள்ளே பார்த்து வெந்நீர் கேட்டார். அந்தப் பெண்தான் கொண்டுவந்தாள். செம்பு கொதித்தது. ஒரு கையால் பிடிக்க முடியவில்லை, இரண்டு கையாலும் வாங்கினான். படகு வெளியே வந்துவிட்டது. அப்பா அப்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். பார்த்தது அவள் ஒருத்திதான். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியவள் கொஞ்ச நேரம் கழித்து அம்மாவிடம், “சரின்னு சொல்லிடுங்க” என்றாளாம். அவளைத்தான் இன்றுவரை நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறேன்.

கல்லாச் சம்பளம் வந்ததும் மற்ற இருவருக்கும் பங்குப் பணத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். ஏணி மட்டும் வாங்கவில்லை. “இப்ப வேணாம். வேணும்போது கேக்கறேன்” என்றான்.

கேட்கவேயில்லை. ஆனால் சொல்லிக்கொண்டே இருந்தான். என் முதல் கடைத் திறப்பில் நாலு பெரிய மனிதர்களுக்கு நடுவே நின்று, “இவரு எனக்குப் பன்னெண்டு தரணுங்க” என்றான். நாங்கள் குடியிருந்த அந்த விடுதியையே நான் விலைக்கு வாங்கியபோது (ஆமாம், அதே விடுதி, அதே ஆறாம் அறையோடு) வங்கி மேனேஜருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நாப்பது வருஷமா ஒரு பன்னெண்டு நிக்குது சார், நீங்க பார்த்துக் குடுங்க” என்றான். மேனேஜர் எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவன் பையில் திணித்துப் பார்த்தேன், உறையில் போட்டு அனுப்பிப் பார்த்தேன், திரும்பி வந்தது. ஒரு தரம் கோபத்தில் ஆயிரத்து இருநூறை நீட்டினேன். “நான் கேட்டது கடன். நீ யாருக்குத் தர்மம் பண்றே?” என்றான்.

அச்சகத்தில் அவனுக்கு வயதாகிவிட்டது என்று அனுப்பியபோது, விடுதிக்கு மேனேஜராக நான்தான் கூட்டிவந்தேன். கீழே இரண்டு அறையில் அவனும் தங்கச்சியும். பக்கத்தில் கூடம். மேலே இரண்டு மாடியில் ஏழு அறைகள், அறைக்கு ஒரு பையன். எல்லாம் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்கள், வேலை தேடுகிறவர்கள். இப்போது எவனும் மற்றவன் காலைத் தடுக்கி விழுவதில்லை. எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். ஒரு தரம் மாடியில் நிற்கிறேன், இரண்டாம் அறைக்காரன் “உப்பு இருக்கா?” என்று பக்கத்து அறைக்காரனைப் போனில் கேட்கிறான். அது சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்டது, அந்தப் பக்கமும் கேட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை.

கூடம் சும்மா கிடந்தது. தடுப்புச் சுவர் எழுப்பினால் மூன்று அறை கிடைக்கும். எனக்குச் சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்தால் தூக்கம் வராது. அதனால்தான் நான் இந்த நிலைக்கு வந்தேன்.

“ஏன்டா, இந்தக் கூடத்துல யாராவது வந்து உக்காந்து நீ பார்த்திருக்கியா?” என்று ஏணியைக் கேட்டேன்.

“நான் உக்காந்திருக்கேனே.”

“நீ வாடகை தர்றியா?”

“நீ பன்னெண்டு தந்தியா?”

தங்கச்சி உள்ளேயிருந்து சிரித்தாள். எனக்கு ஏறிவிட்டது. “இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சிநேகிதம்னா என்னன்னே தெரியாதுடா. பக்கத்து ரூம்காரன் பேரு தெரியாது. கூடம் எதுக்கு இவனுங்களுக்கு?” என்றேன்.

“தெரியும்” என்றான் ஏணி.

“பந்தயம் வச்சுக்கலாமா?”

வைத்தோம். ஒரு மாதம் கெடு. அதற்குள் ஏழு பேரும் ஒரே நேரத்தில், யாரும் கட்டாயப்படுத்தாமல், அந்தக் கூடத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டால் சுவர் எழுப்பக் கூடாது, நான் இருக்கும்வரை. இல்லாவிட்டால் சுவர் எழும்பும். அது மட்டுமில்லை, ஏழு பேர் முன்னால் ஏணி அந்தப் பன்னிரண்டை வாங்கிக்கொண்டு, இனிமேல் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. உண்மையைச் சொன்னால் மூன்று அறை வாடகையைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. அவனுக்கோ அந்தக் கூடம். அவனும் தங்கச்சியும் சாயங்காலம் உட்கார அதைவிட்டால் வேறு இடம் இல்லை. ஆனால் அதை அவன் சொல்லவில்லை. தங்கச்சி சொன்னாள், அவன் அந்தப் பக்கம் போனபிறகு.

ஏணி முதலில் கேரம் போர்டு வாங்கிப் போட்டான். ஞாயிறு போய்ப் பார்த்தேன். அதன் மேல் தங்கச்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்து டிவி. ஐந்தாம் அறைக்காரன் வந்தான், போனைச் சார்ஜ் போட்டான், ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அடுத்து சாயங்காலம் இலவசத் தேநீர் என்று மாடிப்படியில் எழுதி ஒட்டினான். ஏழு பேரும் வந்தார்கள், வாஸ்தவம். கையில் வாங்கிக்கொண்டு ஏழு பேரும் மேலே போய்விட்டார்கள்.

“அண்ணே, இவரு டம்ளர் கழுவறதுதான் மிச்சம்” என்றாள் தங்கச்சி.

“என்னடா ஏணி, பன்னெண்டை எந்தப் பையில வச்சுக்கப் போறே?”

“கெடு இருக்கில்ல?” என்றான். முகத்தில் கவலையே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போதே, சனிக்கிழமை காலை, நான் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிட்டேன். சுவர் எழும்பும் முன்னால் ஒயர் இழுத்து வைக்கட்டும் என்று. பந்தயத்தில் இது கொஞ்சம் தப்புதான். ஆனால் நான் எந்த வேலையையும் கடைசி நாளுக்கு வைத்ததில்லை.

பத்து மணிக்கு அளவு நாடாவோடு போகிறேன். எலக்ட்ரீஷியன் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான்.

“சார், ஒரு சின்னத் தப்பு. மாடிக்குப் போற இன்டர்நெட் கம்பியை வெட்டிட்டேன். கூடத்துல இருக்கற பெட்டி மட்டும் வேலை செய்யுது. மேல எதுவும் இல்ல.”

“சரி, ஒட்டு” என்று சொல்லிவிட்டு உள்ளே காலை வைத்தேன்.

“ஷ்ஷ்ஷ்!”

என் சொந்தக் கட்டடத்தில், என் சொந்தக் கூடத்தில், எட்டுப் பேர் என்னைப் பார்த்து ‘ஷ்ஷ்’ என்றார்கள். ஏழு பையன்களில் ஆறு பேர், ஏணி, தங்கச்சி. ஏழாவது பையன் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மூக்குக் கண்ணாடி போட்ட ஆறாம் அறைக்காரன். எங்கள் ஆறாம் அறை. மேலே கறுப்புக் கோட்டு, உள்ளே வெள்ளைச் சட்டை. கீழே பூப்போட்ட அரைக்கால் சட்டை, வெறுங்கால். எதிரே கேரம் போர்டை ஸ்டூலில் ஏற்றி, அதன் மேல் லேப்டாப் வைத்திருந்தார்கள். ஒருவன் மேஜை விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஒருவன் வெளிச்சத்துக்காக வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடித்திருந்தான்.

“என்னடா நடக்குது?” என்று ஏணியின் காதில் கேட்டேன்.

“பொண்ணு கேக்கறான்.”

திரையில் ஒருவர் மீசையோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா. வேறு ஊரில் இருக்கிறவர். பெண்ணும் இவனும் இரண்டு வருடமாகத் தினமும் பேசுகிறார்களாம். ஒன்பது வார்த்தை இல்லை, நாளைக்கு ஒன்பதாயிரம் இருக்கும். நேரில் பார்த்துக்கொண்டது நாலே தரம். அப்பா பேச ஒப்புக்கொண்டது இன்று, பத்து மணிக்கு. ஒன்பதரைக்குத்தான் கம்பி அறுந்திருக்கிறது. கோட்டு நாலாம் அறைக்காரனுடையது. சட்டை முதல் அறைக்காரனுடையது. ஐந்தாம் அறைக்காரன் கையில் போன், அதில் அந்தப் பெண் உள்ளிருந்து சேதி அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவன் அதை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, லேப்டாப்புக்குப் பின்னால் தூக்கிக் காட்டினான்.

‘மீன் தொட்டியைப் பற்றிக் கேள்.’

“உங்களுக்குப் பின்னாடி இருக்கற மீன் தொட்டி ரொம்ப நல்லாயிருக்குங்க” என்றான் கண்ணாடிக்காரன். மீசை கொஞ்சம் தளர்ந்தது. பத்து நிமிடம் மீன். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

“அங்க உங்களுக்குப் பெரியவங்கன்னு யாராவது இருக்காங்களா தம்பி? நாலு வார்த்தை விசாரிக்கணும்.”

ஏணி முன்னால் போய் நின்றான். திரையில் அவன் சட்டைப் பொத்தான் மட்டும் தெரிந்தது. குனிந்தான், மண்டை மட்டும் தெரிந்தது. உடனே பின்னாலிருந்து யாரோ என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். தங்கச்சியாகத்தான் இருக்க வேண்டும்.

“வணக்கம். இந்தக் கட்டடம் என்னுது. கடை மூணு இருக்கு” என்றேன்.

“பையன் எப்படிங்க?”

பையன் வாடகையை ஐந்தாம் தேதி தருவான், அவ்வளவுதான் தெரியும். பெயர்கூடச் சட்டென்று வரவில்லை. ஒரு பெண்ணின் அப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு பையன் பக்கத்தில் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். வங்கி மேனேஜரை உட்காரச் சொல்கிற நான் அளவு நாடாவைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அட்டை உயர்ந்தது. ஐந்தாம் வகுப்புதான், ஆனால் நான் வாசிப்பேன்.

“மூணாம் அறைப் பையனுக்குக் காய்ச்சல் வந்தப்போ ஆறு நாள் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்டான்” என்று வாசித்தேன். அடுத்த அட்டை. “அவனுக்கு வேலை போனப்போ, அன்னிக்கே எட்டு இடத்துக்கு எழுதிப்போட்டு வேற வேலை வாங்கித் தந்தான்.” அடுத்தது. “அம்மாவுக்கு மாசம் தவறாம பணம் அனுப்பறான். கோபம் வந்தா பாத்திரம் கழுவுவான்.” கடைசி வரியை வாசித்த பிறகுதான், அதை வாசிக்கலாமா கூடாதா என்று யோசித்தேன்.

மீசைக்காரர் சிரித்துவிட்டார். அந்த நேரம் பெண்ணின் அம்மா திரைக்குள் வந்தார். கண்ணாடிக்காரன் மரியாதைக்குச் சட்டென்று எழுந்து நின்று கும்பிட்டான்.

பூப்போட்ட அரைக்கால் சட்டை முழுசாகத் திரையில் தெரிந்தது. விளக்குப் பிடித்தவன் விளக்கை அணைத்தான். போர்வை பிடித்தவன் போர்வையால் தன் முகத்தை மூடிக்கொண்டான். எங்கேயோ உள்ளேயிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பார்த்தேன். இரண்டு பக்கமும்தான். தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னால் பொத்தின மாதிரியே இருந்திருக்கும்.

“உக்காருங்க தம்பி” என்றார் மீசைக்காரர். “இவ்வளவு நேரமா நான் எந்திரிக்காம இருக்கறதுக்கும் அதே காரணம்தான்.”

அடுத்த மாதம் நேரில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரை அணைந்தது. கூடம் ஒரே கூச்சல். ஆறு பேரும் கண்ணாடிக்காரனைத் தூக்கிவிட்டார்கள். கோட்டுக்காரன், “கோட்டுடா! கோட்டுடா!” என்று கூடவே ஓடினான்.

சத்தம் அடங்கியதும் நான் கேட்டேன். “ஏன்டா தம்பிங்களா, கதவையே திறக்க மாட்டீங்க. யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போச்சு, இதெல்லாம் எப்படித் தெரியும்?”

“குரூப்ல இருக்கு சார்” என்றான் ஐந்தாம் அறைக்காரன். போனைக் காட்டினான். விடுதிப் பையன்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். காலி செய்துகொண்டு போனவர்களும் சேர்த்து அறுபத்திமூன்று பேர். அதில் ஏணியும் இருந்தான்! பந்தயம் வைக்கும்போதே திருட்டுப் பயலுக்கு எல்லாம் தெரியும்.

“அப்ப நான் ஏன் இல்ல?”

தங்கச்சிதான் சொன்னாள். “உங்களைப் பத்திப் பேசவும் ஒரு இடம் வேணும்ல அண்ணே?”

எனக்கு அதில் என்ன பெயர் என்று வற்புறுத்திக் கேட்டேன். மூணு கடை. பொய் என்று சொல்வதற்கில்லை.

அப்போதுதான் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினவன் நினைவுக்கு வந்தான், எங்கள் ஆறாம் அறை ஆள். ஒரு தரம் அவனைக் கடையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் தினமும் காலையில் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பூங்காவில் போய் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வந்திருக்கிறான். அவன் மூச்சு என் கழுத்தில் படுகிற தூரத்தில்தான் நான் படுத்திருந்தேன். எனக்குத் தெரியாது. ஏணிக்கும் தெரியாது. கூடத்தில் உட்கார்ந்து உலகத்துக் கதையெல்லாம் பேசினோம், அவன் டப்பா காலி என்பது மட்டும் பேச்சில் வரவில்லை. மூணாம் அறைக்காரனுக்கு வேலை போனது அன்றைக்கே அறுபத்திமூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னது தப்பு என்று எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஏணி கைக்கடிகாரத்தைக் காட்டினான். “ஒரு மணி நேரம் இருபது நிமிஷம்.”

“அது எப்படி? இன்டர்நெட்டுக்காக வந்தானுங்க. தானா வரணும்னுதானே பேச்சு?”

“கம்பியை வெட்டினது யாரு?”

“எலக்ட்ரீஷியன்.”

“அனுப்பினது யாரு?”

இதற்குள் எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்து, “ஒட்டியாச்சு சார், மேல எல்லா ரூம்லயும் வருது” என்றான். ஏழு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். “சரிண்ணா” என்றார்கள். ஒருவனும் எழுந்திருக்கவில்லை. தங்கச்சி தேநீர் போட உள்ளே போனாள்.

நான் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். சொன்ன சொல் சொல்தான். எலக்ட்ரீஷியனிடம், “ஒயரை எடுத்துட்டுக் கிளம்பு. பொண்ணு வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள இந்தக் கூடத்துக்கு நல்லதா ரெண்டு விளக்கு மாட்டணும், பில்லை என் கடைக்கு அனுப்பு” என்றேன்.

தேநீர் குடிக்கும்போது அவர்களுக்குள் ஒரு பேச்சு. நாலாம் அறைக்காரன் அடுத்த வாரம் வேலை மாற்றிக்கொண்டு போகிறான், கோட்டும் கூடவே போய்விடும். இரண்டு பேருக்கு அடுத்த மாதம் லேப்டாப்பில் நேர்காணல், கண்ணாடிக்காரனுக்குக் கல்யாணம் வரப்போகிறது. ஆளுக்கொரு கோட்டு வாங்குவது வீண். ஒன்று வாங்கி இந்தக் கூடத்து அலமாரியில் மாட்டிவைத்தால் என்ன? போகப்போகிறவனும், “எனக்கும் பங்கு போடுங்கடா, வந்தா போட்டுக்குவேன்” என்றான்.

நானும் ஏணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“போட்டவன் இஸ்திரி போட்டு வைக்கணும்” என்றேன் நான்.

“ட்ரை கிளீனிங் சார்” என்றார்கள்.

“எனக்கும் ஒரு பங்கு” என்றான் ஏணி.

“உங்களுக்கு எதுக்கு? கை முழங்கையோட நின்னுடும்” என்றாள் தங்கச்சி.

“இவன் கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போவேன். கை பத்தாம போனா எனக்கென்ன, பழக்கம்தானே?”

ஐந்தாம் அறைக்காரன் போனில் கணக்குப் போட்டான். “தள்ளுபடி போக ரெண்டாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தாறு. எட்டுப் பேரு. ஆளுக்கு முந்நூத்திப் பன்னெண்டு.” டிங், டிங் என்று ஆறு தரம் சத்தம் கேட்டது. அவன் பங்கையும் சேர்த்து ஏழு பேர் கணக்கு அதற்குள் தீர்ந்துவிட்டது. எங்களுக்கு மூன்று மாதம் ஆனது.

ஏணிக்குப் போனில் பணம் போடத் தெரியாது. சட்டைப் பையிலிருந்து மூன்று நூறு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“டேய், பன்னெண்டு.”

“எது?”

“வேணும்போது கேக்கறேன்னு சொன்னேன்ல? இப்ப வேணும்.”

பணப்பையைத் திறந்தேன். எல்லாம் பெரிய நோட்டு. சில்லறை வைத்து எனக்குப் பழக்கமில்லை. ஐந்நூறை நீட்டினேன்.

“பன்னெண்டு” என்றான்.

பையன்களிடம் கேட்டேன். ஏழு பேரில் ஒருவனிடமும் ஒரு நாணயம் இல்லை. தங்கச்சிதான் உள்ளே போய் மூடியில்லாத ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள். “நூறா இருந்தா குடுங்கண்ணே, மாத்தித் தர்றேன். அஞ்சு குறையுது, பரவால்லயா?” பரவாயில்லை என்று பணப்பையில் துழாவி ஒரு நூறை எடுத்துக் கொடுத்தேன். நாற்பத்தாறு வருட வட்டியை அவள் அப்படி எடுத்துக்கொண்டாள்.

ஏணி கையை விரித்து நீட்டினான். அவன் உயரத்துக்கு அது என் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. ஏழு பேரும் எழுந்து சுற்றி நின்றார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான், குரூப்பில் போடத்தான். நான் ஒன்று ஒன்றாக வைத்தேன். ஒன்று, இரண்டு என்று ஏணி வாய்விட்டு எண்ணினான். ஆறாவதோடு பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். பத்து. பதினொன்று. பன்னிரண்டாவது நாணயம் விரலில் கொஞ்ச நேரம் நின்றது.

“வைடா” என்றான்.

வைத்தேன்.